கஹல் ஒரு தடவை வேண்டாம் என்றான்

கஹல் கில்ஹூலியின் நடிப்பு வாழ்க்கை ஒரு கழுதையின் பின்பாதியில் தொடங்கியது. ட்ரம்கீல் பள்ளிக்கூடத்தின் கிறிஸ்துமஸ் நாடகத்தில், மேடைக்கு வைக்கோல் இலவசமாகக் கொடுத்தவரின் மகனுக்குக் இரண்டு பேர் உள்ளே புகுந்து ஆடும் கழுதை வேஷத்தின் முன்பாதி போய்விட்டது. ஆனால் அன்று கழுதையின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. கன்னி மரியாளை பெத்லகேம் வரைக்கும் சுமந்த களைப்பு முழுவதும் அந்தப் பின்னங்கால்களில் இருந்தது. தொழுவத்து வாசலில் அவை மடங்கியபோது, பிறந்த அன்று அழுததோடு சரி என்றிருந்த மாட்டுத் தரகர்கள்கூடக் கைக்குட்டையைத் தேடினார்கள். கைக்குட்டை இல்லாதவர்கள் முன் நாற்காலிக்காரரின் கழுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார்கள்.

"அட்ராக்டா, உன் பையன் ஒரு மேதை," என்றார் பங்குத் தந்தை.

"நீங்க வேற ஃபாதர்," என்றாள் கஹலின் அம்மா. "முன்னாடி இருந்தவன் இழுத்தான், இவன் பின்னாடி போனான். அதுல என்ன இருக்கு?"

அயர்லாந்தின் லீட்ரிம் மாவட்டத்தில் அப்படித்தான் சொல்ல வேண்டும். 'ஆமாம் ஃபாதர், நன்றாகத்தான் செய்தான்' என்று அவள் வாய் தவறிச் சொல்லியிருந்தால், அட்ராக்டாவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்ற செய்தி அவள் வீடு போய்ச் சேருவதற்குள் ஆலன் ஏரியைச் சுற்றி வந்திருக்கும்.

பதினேழு வயதில் கஹல் பிணமாக நடித்தான். ஊர் நாடகக் குழுக்களெல்லாம் மாவட்டம் மாவட்டமாகப் போட்டிக்குப் போகிற வசந்த காலம் அது. நாடகம் முடிந்த கையோடு நடுவர் மேடையேறி, நடித்தவர்களையும் பார்த்தவர்களையும் வைத்துக்கொண்டே ஒவ்வொருவரையும் உரித்து உப்புப் போடுவார். கஹல் சவப்பெட்டியில் கிடந்த கிடப்பில் முன்வரிசைப் பெண்கள் ஜெபமாலையை எடுத்து இரண்டு மணிகள் உருட்டியேவிட்டார்கள். நடுவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இன்று இந்த மேடையில் உயிரோடு இருந்தது அந்தப் பிணம் ஒன்றுதான்."

"சும்மாவா?" என்றாள் அட்ராக்டா. "மண்டபத்துல அடுப்பு அணைஞ்சு போச்சு. குளிர்ல விறைச்சுட்டான் பாவம்."

பிறகு டப்ளினில் நடிப்புப் பள்ளி. பிறகு பப்புகளுக்கு மேல்மாடியில் நாடகங்கள். அங்கே பார்க்க வருபவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் கழிப்பறையைத் தேடி வழி தவறியவர்கள். பிறகு ஒரு போலீஸ் தொடர். அதில் அவனைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். அடுத்த வருடம் மீசை வைத்துக் கூப்பிட்டுக் கால்வாயில் தள்ளிக் கொன்றார்கள். நன்றாகச் சாகிறவன் என்று பெயர் கிடைத்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒருவன் வாடகை கொடுக்க முடியாது என்பதால் பகலில் ஒரு காபிக் கடையில் பால் நுரைத்தான்.

இருபத்தைந்தாவது வயதில்தான் அந்த நாடகம் வந்தது. டப்ளினில் ஒரு நல்ல அரங்கு, நிஜமான டிக்கெட், வெளியே சுவரொட்டி. அதில் கஹலுக்கு வசனம் மிகக் குறைவு. மற்றவர்கள் குடும்பச் சொத்துக்காகக் கத்தித் தீர்க்கும்போது, ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிற கடைசித் தம்பி அவன். அவன் கேட்கிற விதத்தில் ஏதோ இருந்தது. மேடை நடுவில் அண்ணனாக வந்து தொண்டை நரம்பு புடைக்கக் கத்திய ஃபியாக்ரா, "டேய், நான் உசிரக் கொடுத்துக் கத்துறேன், ஜனங்க உன் காதையே பாக்குறாங்கடா," என்று திட்டினான். ஃபியாக்ரா அவனுடைய அறைத்தோழனும்கூட. இரண்டு பேரும் டப்ளினின் ஃபிப்ஸ்பரோ பகுதியில் ஒரு வீட்டை, சில நூறு எலிகளோடு பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை மதியக் காட்சிக்கு மார்லூஸ் வந்தாள். நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஊர்க்காரி, சினிமா டைரக்டர். ஐம்பது வயது இருக்கும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நிற்பாள், நடப்பாள், பேசுவாள். பசித்தால் பசிக்கிறது என்பாள்; உன் சட்டை நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்பாள். காட்சி முடிந்ததும் அரங்கின் காபிக் கூடத்தில் கஹலைத் தேடி வந்து, கை குலுக்கி, உட்காரக்கூட இல்லை.

"ஏரியில படகு ஓட்டுற ஒருத்தனைப் பத்தி படம் எடுக்கிறேன். அவன் அதிகம் பேச மாட்டான். நீங்க கேக்குறது எனக்குப் பிடிச்சிருக்கு. கதாநாயகன் வேஷம் உங்களுக்கு. பண்றீங்களா?"

கஹலின் நெஞ்சுக்குள் ஒரு பாண்டு வாத்தியக் குழுவே அணிவகுத்துப் போனது. கழுதையின் பின்னங்கால் காலத்திலிருந்து அவன் காத்திருந்த கேள்வி அது. அதற்கு அவன் வாய், அவனைக் கேட்காமலே, அம்மா பழக்கிய பதிலைச் சொன்னது.

"ஐயையோ, நானா? நீங்க வேற. என்னைவிட நல்லா நடிக்கிறவங்க ஊர்ல எவ்வளவோ பேர் இருக்காங்க. ஃபியாக்ராவைக் கேளுங்களேன். அவன் பிரமாதமா பண்ணுவான்."

"அப்படியா," என்றாள் மார்லூஸ். அவள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது, வருத்தம் இல்லை. "சரி. நன்றி."

கஹல் காத்திருந்தான். இரண்டாம் தடவை கேட்பாள்; அப்போது 'எனக்கெல்லாம் அது வருமா' என்று இழுக்கலாம். மூன்றாம் தடவை கேட்பாள். அப்போது, இவ்வளவு தூரம் சொல்கிறீர்களே என்று ஒப்புக்கொண்டு ஆனந்தத்தில் அழலாம். மார்லூஸ் காபியைக் குடித்து முடித்தாள். கோட்டை மாட்டினாள்.

"உங்களுக்குப் பழைய மரப்படகு வேணும்னா," என்றான் கஹல் அவசரமாக, பேச்சை நீட்டுவதற்காக, "எங்க அம்மாகிட்ட ஒண்ணு இருக்கு. ஆலன் ஏரிக்கரையில. மீன் பிடிக்க வர்றவங்களுக்கு வாடகைக்கு விடுறாங்க."

"அது உபயோகமான தகவல்," என்று சொல்லி, விலாசத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிறு, நாடகம் கிடையாது. காலையில் ஃபியாக்ரா பன்றி இறைச்சித் துண்டுகளை வாணலியில் புரட்டிக்கொண்டிருந்தான். கஹல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அந்த ராட்டர்டாம் அம்மா நேத்து என்னையும் பிடிச்சாங்கடா," என்றான் ஃபியாக்ரா. "படத்துல நடிக்கிறியான்னு கேட்டாங்க."

கஹல் தலையை நிமிர்த்தினான். "நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்லுவேன்? சேச்சே, எனக்கெல்லாம் எதுக்கு, கஹலைக் கேளுங்கன்னேன். கஹலைக் கேட்டாச்சு, வேணாம்னுட்டார்னாங்க. அப்போ நம்மகூட நடிக்கிற டெக்லனைக் கேளுங்கன்னேன்."

"டெக்லன்?"

"அவனும் வேணாம்னுட்டான். நாடகத்துல எங்க அக்கா ரோல் பண்றாளே நூலா, அவ தம்பியைக் கேக்கச் சொன்னானாம். தம்பி இன்னொருத்தனைக் கைகாட்டினானாம். ராத்திரி ஆறதுக்குள்ள டப்ளின்ல இருக்கிற அத்தனை ஆம்பள நடிகனும் வேணாம்னு சொல்லி முடிச்சுட்டாங்க. டிக்கெட் கிழிக்கிற பெரியவரைக்கூடக் கேட்டதா கேள்வி."

"அவரு?"

"முழங்கால் வலின்னுட்டாரு."

கஹல் மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டான். "நான் வேணாம்னு சொல்லலடா. மரியாதைக்குச் சொன்னேன்."

"நானும்தான்டா மரியாதைக்குச் சொன்னேன்!" ஃபியாக்ரா கரண்டியை ஆட்டினான். எண்ணெய் சுவரில் தெறித்தது. "எனக்கு மட்டும் கதாநாயகன் ஆக ஆசையில்லயா? இந்தா, இப்பவே சொல்லி வெச்சுடறேன். இன்னொரு தடவை கேட்டாங்கன்னா நான் சரின்னுடுவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத."

அந்த நேரம் பார்த்து டெர்வ்லாவின் அழைப்பு வந்தது. அவள்தான் கஹலுக்கு வாய்ப்புப் பிடித்துத் தருபவள். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு அவளுக்கு; திட்டுகிற உரிமை முழுவதும் அவளுக்கு.

"கஹல், உனக்கு மூளை இருக்கா? ஐரிஷ்காரங்களுக்கு சினிமாவே பிடிக்காதுன்னு முடிவு பண்ணிட்டு அந்தம்மா நாளைக்கு லண்டன்ல ஆள் தேடப் போறாங்க. இன்னைக்கு ராத்திரி ஃப்ளைட்டு. இப்ப எங்கயோ ஒரு படகைப் பாக்கப் போயிருக்காங்களாம்."

"எங்க வீட்டுக்கு," என்றான் கஹல், செத்த குரலில்.

"உங்க வீட்டுக்கா? அப்புறம் இங்க என்ன பண்ற? போய் ஆமான்னு சொல்லித் தொலை!"

லீட்ரிமுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் என்பது, வந்தால் வரும். ஃபியாக்ரா பாக்கெட்டிலிருந்து கார் சாவியை எடுத்து நீட்டினான்.

"சேச்சே, வேணாம்டா," என்றான் கஹல். "உனக்கு எதுக்குச் சிரமம். நான் பஸ்லயே..."

ஃபியாக்ரா அவனை ஒரு பார்வை பார்த்தான். சாவியைத் திரும்பப் பாக்கெட்டில் போடுவது போல மெதுவாகக் கையை இறக்கினான். கஹல் பாய்ந்து பிடுங்கிக்கொண்டான்.

"இப்படித்தான்," என்றான் ஃபியாக்ரா. "அங்கயும் இப்படியே பிடுங்கு. மடையா."

அந்தக் கார் நோவாவின் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட ஜோடிகளில் ஒன்று. வலப்பக்க ஜன்னல் ஏறாது, துடைப்பான் இறங்காது. வழி முழுக்க மழை பெய்தது. அதில் பாதி காருக்குள் பெய்தது. கஹல் உரக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினான். "எனக்கு அந்த வேஷம் வேணும்." சொன்னதும் காது சிவந்தது. லாங்ஃபோர்டு தாண்டும்போது இன்னொரு தடவை சொன்னான். வேலியோரம் நின்ற ஒரு மாடு தலையைத் திருப்பிக்கொண்டது. ஷேக்ஸ்பியர் காலத்து நீள வசனங்களை மூச்சு விடாமல் சொல்லிக் கைத்தட்டு வாங்கியவனுக்கு இந்த ஒற்றை வரி தொண்டையில் மீன் முள்ளாகக் குத்தியது.

பின்கதவு வழியாக அடுக்களைக்குள் நுழைந்தபோது மார்லூஸ் சாப்பாட்டு மேஜையில் இருந்தாள். இருந்தாள் என்பதைவிட, முற்றுகையிடப்பட்டிருந்தாள் என்று சொல்ல வேண்டும். அவள் முன்னால் ஒரு முழுக் கோழி, வறுத்த உருளைக்கிழங்கு, மசித்த உருளைக்கிழங்கு, அவற்றுக்குத் துணையாக அவித்த உருளைக்கிழங்கு. குழம்பு ஒரு குட்டி ஏரியாகத் தேங்கி நின்றது.

"நான் வழியிலயே சாண்ட்விச் சாப்பிட்டேன்னு சொன்னேன்," என்றாள் மார்லூஸ் கஹலைப் பார்த்து. உதவி கேட்கிற குரல் அது. "நாலு தடவை சொன்னேன்."

"சாண்ட்விச் ஒரு சாப்பாடாம்மா?" என்றாள் அட்ராக்டா. "வாடா கஹல், உக்காரு. ஏன்டா நனைஞ்சிருக்க? கார்லதான வந்த? பாரேன், பாவம் இந்தப் பொண்ணு, படகைப் பாத்துட்டு ஓடப் பாத்துச்சு. நல்ல வேளை நான் விடல. டீ ஊத்தட்டா?"

"வேண்டாம், நன்றி," என்றாள் மார்லூஸ்.

"சூடா இருக்கு."

"உண்மையிலேயே வேண்டாம்."

"வெளிய பாருங்க எப்படி ஊத்துதுன்னு. ஒரு வாய்."

மார்லூஸ் நீண்ட மூச்சு விட்டாள். "சரி. ஒரே ஒரு துளி."

"அதான பாத்தேன்," என்று அட்ராக்டா கோப்பை விளிம்பில் மேடு தட்ட ஊற்றினாள். பெருமை அவள் முகத்தில் அடங்கவில்லை.

மார்லூஸ் அந்தக் கோப்பையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கணக்குப் போடுவது போல. பிறகு கேட்டாள்: "உங்க மகன் என் படத்துல நடிக்க வேண்டாம்னு சொன்னது உங்களுக்குத் தெரியுமா?"

டீப்பாத்திரம் மேஜைக்கு மேலே காற்றில் நின்றது.

"வேணாம்னா? எந்தப் படம்?"

"இந்தப் படகு வர்ற படம். கதாநாயகன். நான் கேட்டேன். வேண்டாம்னுட்டார்."

அட்ராக்டா பாத்திரத்தை மெதுவாக வைத்தாள். மகனை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோழிகூட இன்னொரு முறை வெந்திருக்கும். பிறகு விருந்தாளி பக்கம் திரும்பி, மனம் புண்படாமல் பேச வேண்டுமே என்கிற கவலையோடு குரலைத் தாழ்த்தினாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. எத்தனை தடவை கேட்ட?"

"ஒரு தடவை."

"ஒரே ஒரு தடவையா?" அட்ராக்டா நெஞ்சில் கை வைத்தாள். "ஏம்மா, ஒரு தடவை கேட்டதும் சரின்னு சொல்ல இவன் என்ன நடுரோட்டுலயா வளந்தான்? ஒரு துண்டு கேக்கே மூணு தடவை கேட்டாத்தான் வாங்குவான். நல்லபடியா வளத்திருக்கேன்."

"அப்போ மத்த நடிகர்கள்?"

"அவங்களுக்கும் அம்மா இருக்காங்கல்ல?"

மார்லூஸின் கண்கள் விரிந்தன. நேற்று மாலை முழுவதும், டிக்கெட் கிழிக்கிற பெரியவர் வரைக்கும், அவள் மனதில் திரும்ப ஓடியிருக்க வேண்டும். "அவ்வளவு பேருமா," என்றாள் தனக்குள்.

"இப்பக் கேளு," என்றாள் அட்ராக்டா. "இங்கயே இருக்கான். ரெண்டாவது தடவை கேளு. நான் வேணா வெளிய போறேன்." சொன்னாளே தவிர, நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டு உட்கார்ந்தாள்.

மார்லூஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "இல்லை. எங்க ஊர்ல ஒரு தடவைதான் கேப்போம். நான் கேட்டாச்சு. இனிமே அவர்தான் கேக்கணும்."

மழை ஜன்னலில் வழிந்தது. கஹல் கதவருகே நின்றபடியே இருந்தான். கோட்டிலிருந்து தரையில் ஒரு குளம் சேர்ந்துகொண்டிருந்தது.

"படகு எப்படி இருந்தது?" என்றான்.

"நல்லா இருந்தது."

"கொஞ்சம் ஒழுகும்."

"பாத்தேன்."

"மழை சாயங்காலம் விட்டுரும்னு நினைக்கிறேன்."

"டேய்!" என்றாள் அட்ராக்டா.

கஹல் மூச்சை இழுத்தான். லாங்ஃபோர்டு மாடு ஞாபகம் வந்தது. ஃபியாக்ரா கையை இறக்கியது ஞாபகம் வந்தது. "எனக்கு அந்த வேஷம் வேணும்," என்றான். அது மட்டும் போதாது என்று தோன்றியது. "நான் நல்லா பண்ணுவேன்."

அட்ராக்டா வேகமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். சுவரில் சிவப்பு விளக்கோடு தொங்கிய இயேசுவின் படத்தை மன்னிப்புக் கேட்கிற பார்வை பார்த்தாள். தன் வீட்டில், தன் வயிற்றில் பிறந்த பிள்ளை, தன் வாயாலேயே!

மார்லூஸ் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. "ஐயையோ, வேண்டாம் வேண்டாம்," என்றாள். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்? லண்டன்ல எவ்வளவோ பேர் இருப்பாங்க."

கஹலின் முகத்திலிருந்து ரத்தம் வடிந்து காலுக்குப் போய் அங்கிருந்து தரைக் குளத்தில் கலந்தது. கேட்டது தப்பு. நேரம் கடந்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு நேராக ஏரிக்கே போய்விடலாம். அப்போதுதான் கவனித்தான்: மார்லூஸின் கை டீக்கோப்பையின் காதைப் பிடித்திருந்தது, சுண்டுவிரல் நடுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பை அடக்குகிறவளின் விரல்.

"சிரமம் ஒண்ணுமில்ல," என்றான் கஹல், நிதானமாக. "எனக்கு வேணும்."

"பரவாயில்லை, விடுங்க. நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது."

கஹல் ஈரக் கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டினான். அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். ஜன்னலோரத் தம்பி பார்க்கிற பார்வை அது. எதிரில் இருப்பவர் சொல்லப்போகிற வார்த்தைக்காகத் தன் உடம்பு முழுவதையும் காலி செய்து வைத்துக்கொண்டு காது கொடுக்கிற பார்வை. கடிகாரம் தன் சத்தத்தைத் தானே குறைத்துக்கொண்டது. குழம்பில் நனைந்த உருளைக்கிழங்குகூடக் கழுத்தை நீட்டிக் கவனித்தது. அட்ராக்டா, பெற்ற மகன் என்பதை மறந்து, வாயைத் திறந்தபடி பார்த்தாள். கழுதை முழங்காலிட்ட அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்கள் பார்த்த மாதிரி.

மார்லூஸ்தான் முதலில் பார்வையைத் தாழ்த்தினாள்.

"சரி," என்றாள். "ஒரே ஒரு துளி."

அட்ராக்டாவின் சிரிப்பில் அலமாரித் தட்டுகள் கிணுகிணுத்தன. ஏரியில் அந்த வருடம் மீன் குறைந்ததற்கு அந்தச் சத்தம்தான் காரணம் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்று ராத்திரி விமானத்தில் லண்டனுக்குப் போக வேண்டியவள், இன்னும் இரண்டு உருளைக்கிழங்குக்கு வேண்டாம் என்று சொல்லி, ஆகவே இரண்டு உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு, டெர்வ்லாவிடம் அங்கிருந்தே போனில் பேசினாள்.

ஃபியாக்ராவுக்குக் கஹல்தான் சொன்னான். "கார்ல பெட்ரோல் போட்டு வை," என்றான் ஃபியாக்ரா. கொஞ்சம் கழித்து, "நல்லா பண்ணுடா," என்றான்.

மறு வருடம் அந்தப் படத்தை ட்ரம்கீல் மண்டபத்தில் திரை கட்டிப் போட்டார்கள். மூன்று மாவட்டங்களிலிருந்து ஜனங்கள் வந்ததாகச் சொல்வது குறைத்துச் சொல்வது. படம் முடிந்து விளக்குப் போட்டதும் பங்குத் தந்தை, இப்போது நன்றாகக் கிழவராகிவிட்டவர், தடியை ஊன்றிக்கொண்டு கஹலிடம் வந்தார்.

"பிரமாதம்டா தம்பி. அந்தப் படகோட்டி என் மனசை விட்டுப் போகவே மாட்டான்."

கஹல் வாயைத் திறந்தான். 'நன்றி ஃபாதர்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"படத்துல போட்டுக்கிட்ட கோட்டு நல்ல கோட்டு, ஃபாதர்," என்றான் கஹல்.

"படகும்தான்," என்றாள் அட்ராக்டா. "ஒழுகுதுன்னாலும் நல்ல படகு."